அம்மை கண்ட குழந்தையும் டாக்டர் வீட்டு வாசலும்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஓயாத இருமல். நான்காம் நாள் காலையில் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன. அன்று சனிக்கிழமை. தோழியின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். சனிக்கிழமைதான் சம்பள நாள் என்பது திருப்பூரில் வாழும் நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை ஷிப்டு முடித்து, கவரை வாங்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேரும்போது மணி ஒன்பதாகப் போகிறது. வந்த கையோடு பையனைத் தூக்கிக்கொண்டு மூவரும் டாக்டரிடம் ஓடினார்கள்.

டோக்கன் எண் 26. கதவு சாத்திய ஏ.சி. அறை. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில், அதே கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்கா தம் ஏழு மாதக் குழந்தையுடன் இருந்தார். குழந்தைக்கு வெறும் வயிற்றுப்போக்குதான். எங்கள் தோழி அதற்குக் கைதட்டி விளையாட்டுக் காட்டினாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. உள்ளே போனதும் டாக்டர் பையனின் வாயைத் திறந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இவ்வளவு நேரமும் அந்தக் கூட்டத்திலா உட்கார்ந்திருந்தீர்கள்? வாசலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்றார்.

பதினோரு நாள் கழித்து அந்த ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு தடிப்பு, பிறகு நுரையீரலில் சளி கட்டி மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. அந்த அறையில்தான் ஒட்டியது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கடைவீதியில் ஒட்டியிருக்கலாம், பேருந்தில் ஒட்டியிருக்கலாம். ஆனால் நாள் கணக்குப் பொருந்துகிறது. எங்கள் தோழி இன்றுவரை அந்தக் கைதட்டலை மறக்கவில்லை.

இதைக் கேட்ட நாங்கள் ஐந்து மாணவியரும், எங்கள் உயிரியல் ஆசிரியையும் சேர்ந்து இதுபற்றிப் படித்தோம். இரண்டு டாக்டர்களிடம் விளக்கம் கேட்டோம். பெற்றோரும் தோழியரும் அருட்சகோதரியரும் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எங்களுக்குப் பட்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. ஒட்டுவாரொட்டி நோய்கள் எல்லாம் ஒரே விதமாக ஒட்டுவதில்லை. 2022 மே மாதத்தில் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பேச்சு எழுந்தது. வாளையாறு எல்லையில் நம் சுகாதாரத் துறையினர் நின்று, வண்டிகளில் வந்த குழந்தைகளைப் பார்த்து அனுப்பினார்கள். நம் ஊரிலும் பல தாய்மார் நடுங்கிப்போனார்கள். அது கை, கால், வாயில் கொப்புளம் காணும் நோயின் ஒரு வகை. எச்சில், சளி, கொப்புள நீர், மலம் இவற்றைத் தொட்ட கையாலும் விளையாட்டுச் சாமானாலும்தான் பெரும்பாலும் பரவுவது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் பாதி வேலை முடிந்தது. பொன்னுக்கு வீங்கி இருமும்போது தெறிக்கும் துளிகளாலும் எச்சிலாலும் ஒட்டும். சற்று விலகி இருப்பது அங்கே பயன் தரும்.

தட்டம்மையின் கதை வேறு. மணல்வாரி என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். இருமும்போது வெளிவரும் கிருமி மிக நுண்ணிய துளிகளில் ஏறிக் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். நோயாளி எழுந்து போன பிறகும் மூடிய அறையில் இரண்டு மணி நேரம் வரை அது உயிரோடு இருக்கக்கூடும். நோய் எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் அந்த நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு ஒட்டும் என்கிறார்கள். சின்னம்மையும் காற்றில் பரவக்கூடியதே. கொப்புள நீராலும் ஒட்டும்.

இதற்குச் சான்றாக டாக்டர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று, 1981இல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் நடந்தது. குழந்தை மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு 12 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். தடிப்பு கண்ட இரண்டாம் நாள், கடுமையான இருமல். ஒரு மணி நேரம் அங்கே இருந்தான். அதிலும் பெரும்பகுதி ஒரே ஓர் அறைக்குள். அவ்வளவுதான். அவனிடமிருந்து ஏழு குழந்தைகளுக்குத் தட்டம்மை ஒட்டியது. அவர்களில் நால்வர், அவன் காத்திருப்போர் அறை வழியாக வரும்போதோ போகும்போதோ சற்று நேரம் எதிர்ப்பட்டவர்கள். மற்ற மூவர் அவன் இருந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. அந்த மூவரில் ஒரு குழந்தை வந்து சேர்ந்ததோ, அவன் புறப்பட்டுப் போய் ஒரு மணி நேரம் கழித்து! பிறகு அந்தக் கட்டடத்தில் காற்றோட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அவன் இருந்த அறையின் காற்று எல்லா அறைகளுக்கும் பரவியது தெரியவந்தது. தடுப்பூசி போட்டிருந்த குழந்தைகளில் மிகச் சிலருக்கே நோய் கண்டது. போடாத கைக்குழந்தைகள் ஐவரில் நால்வருக்குக் கண்டது.

"நாங்கள் தள்ளித்தானே உட்கார்ந்தோம்" என்று சொல்லும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தள்ளி உட்கார்வது ஒரே அறைக்குள் என்றால் தட்டம்மைக்கு அது கணக்கே இல்லை.

காத்திருப்போர் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் ஊசி 9 மாதம் முடிந்துதான் போடப்படுகிறது. இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். அதுவரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் காக்கும். ஆனால் அது நாளாக ஆகக் கரைந்துவிடும். அந்த ஏழு மாதக் குழந்தை அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டது. கைக்குழந்தையாக இருக்கும்போது தட்டம்மை கண்ட சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கும் ஒரு கொடிய நோய் வருவதும் உண்டு. அபூர்வம்தான், வந்தால் மீட்சி இல்லை.

அடுத்து, கருவுற்ற பெண்கள். ரூபெல்லா என்பது பார்ப்பதற்கு லேசான அம்மை. இரண்டு மூன்று நாள் தடிப்பு, லேசான காய்ச்சல், அவ்வளவே. ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும். இதை முதன்முதலில் கண்டு சொன்னவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், ஆண்டு 1941. கண்புரையோடு பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்த தாய்மார்கள் அவருடைய காத்திருப்போர் அறையில் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். நோயைப் பரப்பக்கூடிய அதே அறைதான் இங்கே உண்மையையும் சொல்லியிருக்கிறது! சின்னம்மையும் கர்ப்பிணிகளுக்குக் கடுமையாக வரக்கூடும். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைகளும் அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது.

நம் முன்னோர் இதில் என்ன செய்தார்கள்? அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியார் உள்ளே வருவதில்லை. வீட்டார் பிறர் வீட்டுக்குப் போவதில்லை. குழந்தையைத் தனியே படுக்கவைத்து, ஒருவர் மட்டும் கவனித்துக்கொள்வார். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் குழந்தை தெருவில் இறங்கும். வேப்பிலை நோயை ஓட்டியதோ இல்லையோ, ஆட்களை ஓட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அறிவிப்புப் பலகை அது. இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு பெருங்குறையும் இருந்தது. "ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுக்கக் கூடாது" என்று டாக்டரையே அண்டவிடாமல் வைத்தார்கள். நுரையீரலில் சளி கட்டிய குழந்தைகளும், நீர் வற்றிப்போன குழந்தைகளும் வேப்பிலைக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தன.

இந்தியாவிலிருந்து பெரியம்மையை விரட்டியபோது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வெற்றி பெற்றார்கள் என்று படித்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நோயாளிகளிடமிருந்து அங்கிருந்தவர்களுக்கே பெரியம்மை பரவிய நிகழ்ச்சிகள் பல. ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடினார்கள். அவரை வீட்டிலேயே வைத்து வாசலில் காவல் போட்டார்கள். சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மைப்பால் குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. 1977இல் அதற்குச் சான்றும் கிடைத்தது. வேப்பிலை செய்த வேலையைக் காவலாளும், வேப்பிலையால் முடியாத வேலையை ஊசியும் செய்தன.

இன்று நாம் வேப்பிலையையும் விட்டோம், காவலும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே கூட்டத்துக்குள் போகிறோம்.

இதில் தாய்மாரை மட்டும் குறை சொல்ல எங்களால் முடியாது. நம் ஊர் நிலையைப் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குழந்தைக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் நோயுற்ற குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு அதில் சம்பளம் கிடையாது. தொழிலாளிக்கே நோய் வந்தால்தான் அந்தத் தொகை. ஆகவே குழந்தைக்குக் காலையில் உடம்பு சுட்டாலும் இரவுதான் டாக்டர். ஊரே அந்த நேரத்தில்தான் டாக்டரிடம் போகிறது. காம்பவுண்டு வீடுகளிலோ எட்டுப் பத்துக் குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே வாசல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களுக்கு எந்த டாக்டரிடம் எப்போது போவது என்பதே தெரியாது. தடுப்பூசி அட்டை ஊரில் இருக்கும். வெளிமாநிலத்தார் மட்டுமா? எங்கள் தோழியின் தம்பிக்கே இரண்டாவது ஊசி விட்டுப்போயிருந்தது. காரணம், அந்த மாதத்தில்தான் அவர்கள் தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குக் குடிவந்தார்கள். 2022 கடைசியில் மும்பையில் கோவண்டி முதலிய நெருக்கமான பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது அங்கேயும் இதே கதைதான்: நெருக்கம், இடமாற்றம், விட்டுப்போன ஊசி.

சரி, என்ன செய்யலாம்? டாக்டர்கள் இருவரும் சொன்னதில் முக்கியமானது ஒன்றே. குழந்தையைத் தூக்கும் முன் தொலைபேசியை எடுங்கள். காய்ச்சலோடு உடம்பில் ஏதாவது தடிப்போ கொப்புளமோ, கன்னத்தில் வீக்கமோ, விடாத இருமலோ இருந்தால், அதைக் கிளினிக்கில் சீட்டுக் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பலர் கூச்சப்படுகிறார்கள், சொன்னால் பார்க்க மாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். இப்படிச் சொன்னால் போதும்:

"அக்கா, நாலு வயசுப் பையனுங்க. மூணு நாளாக் காய்ச்சலுங்க. இன்னைக்கு மூஞ்சியில செவப்பாத் தடிச்சிருக்குதுங்க. இருமலும் இருக்குதுங்க. கூட்டத்துல கூட்டிட்டு வரலாமுங்களா, இல்லை வேற நேரம் சொல்றீங்களா?"

இதற்கு அரை நிமிடம் ஆகும். கூட்டம் தொடங்கும் முன்போ, கடைசி டோக்கனாகவோ வரச் சொல்வார்கள். தட்டம்மை என்று சந்தேகம் இருந்தால் கடைசியாக வருவது நல்லது; பின்னால் அந்தக் காற்றைச் சுவாசிக்க ஆள் இராது. தொலைபேசி எண் தெரியாவிட்டால் குழந்தையோடு ஒருவர் வெளியே மர நிழலிலோ வண்டியிலோ நிற்க, இன்னொருவர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரலாம். இரவில் எந்த டாக்டரும் கிடைக்காவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். டவுன் பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் தவிர்த்து, இருசக்கர வண்டியிலோ தனி ஆட்டோவிலோ, ஆட்டோவின் இரு பக்கத் திரையையும் தூக்கிவிட்டுப் போவது நல்லது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை பொறுத்துக்கொள்ளுமானால் முகக்கவசம் போடலாம். துணைக்கென்று அக்காள், தங்கை, அத்தை மகள் என்று ஒரு பட்டாளத்தைக் கூட்டிப்போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதானால் புதன்கிழமையை நினைவில் வையுங்கள். அன்றுதான் கைக்குழந்தைகள் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் தட்டம்மைக் குழந்தை போய் நிற்பதைவிட அநியாயம் வேறில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிறருக்கு ஒட்டிவிடுமே என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலும், விலா உள்ளே இழுத்தாலும், பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலும் நேரம் பார்க்க வேண்டாம், முறை பார்க்க வேண்டாம். 108ஐ அழைத்து, அழைக்கும்போதே அம்மை என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரியில் தயாராக இருப்பார்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்து அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பது வழக்கம். அது கண்ணையும் உயிரையும் காக்கிறது. டாக்டரிடம் போகாத குழந்தைக்கு அது கிடைக்காது. சின்னம்மைக் குழந்தைக்கு வீட்டிலிருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. குளிர்ந்த ஆகாரம் மட்டும் என்று பட்டினி போடுவதும் வேண்டாம். சாப்பிட முடிந்ததையெல்லாம் கொடுக்கலாம்.

கிளினிக் நடத்துபவர்களிடமும் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய டாக்டர் வீடுகளில் திண்ணை இருந்தது. நோயாளிகள் வெளிக்காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று திண்ணை போய்க் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வந்துவிட்டன. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும் அறை நமக்குச் சுகமாக இருக்கிறது. கிருமிக்கும் சுகமாகத்தான் இருக்கும். இரண்டு சன்னலைத் திறந்து வைப்பதற்கும், "காய்ச்சலோடு தடிப்பு இருந்தால் உட்காரும் முன் சொல்லவும்" என்று தமிழிலும் இந்தியிலும் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுவதற்கும் பெரிய செலவில்லை. வாசலில் ஒரு பெஞ்சு போட்டால் இன்னும் நல்லது.

பள்ளிக்கு எப்போது திரும்பலாம் என்று தோழியர் பலர் கேட்கிறார்கள். தட்டம்மை தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றிய பின் 4 நாள் வரை பரவும். சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை. பொன்னுக்கு வீங்கி, கன்னம் வீங்கிய பின் 5 நாள் வரை. அதாவது, தெரியாத நாளிலேயே ஒட்ட ஆரம்பித்துவிடும்; அந்த நாட்களுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்த பிறகு வரும் நாட்களுக்குத்தான் நாம் பொறுப்பு. இதை எழுதும்போது எங்களுக்கே ஒரு குற்ற உணர்வு. எங்களில் ஒருத்தி முன்பு படித்த பள்ளியில், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவருக்குப் பரிசு உண்டு. அந்தப் பரிசுக்காக அவள் ஐந்தாம் வகுப்பில் கன்னம் வீங்கியிருந்தும் தாவணியைச் சுற்றிய அக்காள் மாதிரி முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். பல்வலி என்று சொன்னாள். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. அந்த வாரம் அவள் பெஞ்சில் இருந்த மூவருக்குக் கன்னம் வீங்கியது. டிபன் பாக்ஸ் இன்னும் அவள் வீட்டில் இருக்கிறது. அவள் அதில் சாப்பாடு கொண்டுவருவதில்லை.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தோழியின் வீட்டில் மறுபடியும் அம்மை. இந்தத் தடவை அவளுடைய தங்கைக்குச் சின்னம்மை. அம்மா கம்பெனியிலிருந்து சூப்பர்வைசரின் செல்போனில் கிளினிக்குக்குப் பேசினார். மதியம் ஒன்றரை மணிக்கு, டாக்டர் சாப்பிடப் போகும் முன் வரச் சொன்னார்கள். அரை நாள் கூலி போயிற்று. தோழி தங்கையோடு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் உள்ளே போனார். சற்று நேரத்தில் டாக்டரே குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோவுக்குள் தலையை நீட்டிக் குழந்தையைப் பார்த்து, அங்கேயே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆட்டோக்காரர், தமக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டுவிட்டது என்று சொல்லி, காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.